எபிசோடு 31: சவரக்கத்தியைப் பதம் பார்ப்பது

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேசியதை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன மூன்று எபிசோடுகளாகக் கல், கல், கல் என்று கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். 1000 கிரிட்டில் ஆரம்பித்து 4000, 8000, 12000 என்று ஏறி வந்தாச்சு. இப்போ கத்தி கையில் இருக்கு. துடைச்சு வெச்சாச்சு. சரி, கூர் வந்துடுச்சா இல்லையா? அதை எப்படித் தெரிஞ்சுக்கிறது? இன்றைக்கு அது மட்டும்தான் பேச்சு.

நேராக விஷயத்துக்குப் போகாமல் ஒரு போன் காலிலிருந்து ஆரம்பிக்கிறேன். நண்பர்களுக்கும், நண்பர்கள் அனுப்பி வைக்கிறவர்களுக்கும் நான் சவரக்கத்தி தீட்டிக் கொடுப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். கொஞ்ச நாள் முன்னாடி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருத்தர் வந்தார். கையில் ஒரு பழைய கத்தி, அவருடைய அப்பாவோடது. 5/8 அங்குல அகலம், சோலிங்கன் முத்திரை. ஜெர்மனியில் கத்திக்கென்றே பேர் போன ஊர் அது. 1938இல் அந்த ஊர்ப் பெயரைக் காப்பாற்றவே தனியாக ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே செய்யாத கத்தியில் அந்தப் பெயரைக் குத்தக் கூடாது. அது இருக்கட்டும்.

அந்தக் கத்தி இருபது வருஷமாகப் பீரோவுக்குள் கிடந்திருக்கிறது. "அப்பா சவரம் பண்ணும்போது பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாப்பேன் தம்பி. ஒரே ஒரு தடவை இதுல நானும் பண்ணிப் பாக்கணும்"னு சொன்னார். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து தீட்டினேன். கடைசியில் ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். கத்தி மேல் பட்டதும் சத்தமே இல்லாமல் இரண்டு துண்டு. ரொம்ப சந்தோஷமாக வீடியோகூட எடுத்து அவருக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில் போன். "தம்பி, இடது கன்னம் வரைக்கும் வெண்ணெய் மாதிரி போச்சு. வலது பக்கம் வந்ததும் புடுங்க ஆரம்பிச்சிடுச்சு. நான்தான் கத்தியைத் தப்பாப் பிடிச்சிட்டேன் போலிருக்கு."

அவர் தப்பாகப் பிடிக்கவில்லை. தப்பு என்னுடையது. நான் செய்த சோதனை பொய் சொல்லவும் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது. நான் கேட்ட கேள்விதான் வேறு. இந்த எபிசோடு முழுக்க அதைத்தான் விளக்கப் போகிறேன்.

முதலில் நாம் எதைச் சோதிக்கிறோம் என்று பார்த்துவிடலாம். சவரக்கத்தியைக் கல்லில் படுக்க வைத்துத் தீட்டும்போது முதுகும் வாயும் இரண்டுமே கல்லைத் தொடும். முதுகின் தடிமனும் கத்தியின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானித்துவிடும். பெரும்பாலான கத்திகளில் அது 16 முதல் 18 டிகிரிக்குள் வரும். சமையல்கட்டுக் கத்தியில் இரண்டு பக்கமும் சேர்த்து 30 டிகிரி, அதற்கு மேலும் இருக்கும். ஆக, இது மிக மெல்லிய ஆப்பு. அந்த ஆப்பின் இரண்டு சரிவுகளும் சந்திக்கிற கோடுதான் கூர். நன்றாகத் தீட்டிய கத்தியில் அந்தக் கோட்டின் தடிமன் அரை மைக்ரானுக்கும் கீழே போய்விடும். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. நம் தலைமுடி சுமார் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். முடியே இருநூறு மடங்கு தடிமனாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய ஒன்றை நாம் சோதிக்கப் பார்க்கிறோம். கண்ணால் முடியாது. சாதாரண மைக்ராஸ்கோப்பாலும் முடியாது. ஏனென்றால் நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்ரான் வரைதான். கூரின் உச்சி அதைவிடச் சின்னது. அதனால் நாம் செய்கிற எல்லாச் சோதனையும் சுற்றி வளைத்துச் செய்கிற சோதனைதான். வேறொன்றை வெட்டிப் பார்த்து, தொட்டுப் பார்த்து, கத்தியைப் பற்றி ஊகிக்கிறோம்.

அதனாலதான் எந்தக் கட்டத்தில் எந்தச் சோதனை என்பது முக்கியம்.

1000 கிரிட் கல் முடிந்த நேரத்தை எடுத்துக்கொள்வோம். இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு கேள்விதான்: இரண்டு சரிவும் கத்தியின் முழு நீளத்துக்கும் சந்தித்துவிட்டனவா? கூர் எவ்வளவு என்பது இப்போ கேள்வியே இல்லை. ஜப்பானிய அளவுகோலில் 1000 கல்லின் துகள் சுமார் 11 மைக்ரான். 8000 கல்லில் சுமார் 1.2 மைக்ரான். 11 மைக்ரான் துகள் போட்ட கோடுகளோடு இருக்கிற கத்தியிடம் போய் முகச்சவரம் செய்வாயா என்று கேட்பது நியாயமில்லை.

இங்கே நான் செய்வது மூன்று. ஒன்று, மார்க்கர் பேனா. சரிவு முழுக்க மை பூசி, கல்லில் இரண்டே இரண்டு தடவை தள்ளிவிட்டு எடுத்துப் பாருங்க. மை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே கல் படவில்லை. இரண்டாவது, விளக்கு. கத்தியின் வாயை மேலே திருப்பி, மேஜை விளக்குக்குக் கீழே பிடித்து முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்க. மழுங்கின இடம் இருந்தால் அது ஒரு சின்ன மேடை மாதிரி. அதில் வெளிச்சம் பட்டுப் பளிச்சென்று ஒரு கோடு தெரியும். கூர் வந்த இடத்தில் வெளிச்சம் திரும்பிவர இடமே இல்லை. அங்கே ஒன்றும் தெரியாது, இருட்டுதான். மூன்றாவது, கை முடி. முன்கையில் தோலை ஒட்டி வைத்து இழுத்தால் முடி வழிய வேண்டும். அடிப்பக்கம், நடு, நுனி, மூன்று இடத்திலும்.

இந்தக் கை முடிச் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். நிறையப் பேர் இதைக் கடைசிச் சோதனையாக வைத்துக்கொள்கிறார்கள். கை முடி வழிந்ததும் "கத்தி ரெடி"ன்னு முகத்துக்குப் போய்விடுகிறார்கள். கை முடி மெல்லியது, வேரில் தோல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, தப்பித்து ஓட முடியாது. சமையல்கட்டுக் கத்தியை நன்றாகத் தீட்டினால் அதுவும் கை முடியை வழிக்கும். அதை வைத்து யாராவது முகச்சவரம் செய்வோமா? 1000 கல்லில் சரிவு சேர்ந்துவிட்டது என்பதற்கு இது நல்ல சாட்சி. அதற்கு மேல் இதைக் கேட்காதீங்க.

நகச் சோதனையும் இந்தக் கட்டத்துக்கு உரியதுதான். கட்டை விரல் நகத்தைத் தண்ணீரில் நனைத்து, கத்தியின் சொந்த எடையில் மட்டும், அடியிலிருந்து நுனி வரை நகத்தின் மேல் மெதுவாக இழுப்பார்கள். கூர் வந்த இடத்தில் நகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக நகரும். மழுங்கின இடத்தில் கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி வழுக்கும். ஓட்டை, பல் இருந்தால் 'டக்' என்று தட்டும். ஒரு சின்ன விள்ளலைக்கூட நகம் கண்டுபிடித்துவிடும். அந்த விஷயத்தில் கண்ணைவிட நகம் மேல். ஆனால் நகத்தில் இழுத்ததாலேயே கூர் கொஞ்சம் கெட்டுப்போகும். அடுத்து 4000 கல்லுக்குப் போகப் போகிறோம், அது சரியாகிவிடும் என்றால் பரவாயில்லை. 12000 முடித்த பிறகு நகத்தில் இழுத்தால் பண்ணின வேலையை நாமே கெடுத்துக்கொள்கிறோம். நான் பழகின புதுசில் முடித்த கத்தியை ஒவ்வொரு தடவையும் நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, ஏன் சவரம் சுகமாக இல்லை என்று கல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடுக் கட்டத்தில், அதாவது 4000, 8000 கற்களில், விரல் நுனிச் சோதனை. இதை வார்த்தையில் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். நனைத்த கட்டை விரலின் சதையைக் கூரின் மேல் மிக லேசாக வைத்து, குறுக்காக ஒரு மயிரிழை நகர்த்த வேண்டும். குறுக்காக. நீளவாக்கில் நகர்த்தினால் கத்தியை நாம் பதம் பார்க்கப் போய் கத்தி நம்மைப் பதம் பார்த்துவிடும். கூரான வாய் விரல் ரேகையில் ஒட்டிக்கொள்கிற மாதிரி, உள்ளே இறங்கப் பார்க்கிற மாதிரி இருக்கும். 1000 கல்லில் அது சொரசொரப்பாகப் பிடிக்கும், 8000 கல்லில் வழவழவென்று பிடிக்கும். இருபது, முப்பது கத்தி தொட்ட பிறகுதான் இது புரியும். புதுசாக ஆரம்பிக்கிறவங்க இதை விட்டுவிடலாம். ஒன்றும் நஷ்டம் இல்லை.

இப்போ எல்லோருக்கும் பிடித்த தொங்கும் முடிச் சோதனை. யூடியூபில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு தலைமுடியின் ஒரு முனையை விரலில் பிடித்து, மறுமுனையைத் தொங்கவிட்டு, கத்தியின் மேல் இறக்குவார்கள். முடி வெட்டுப்பட்டு விழும். பார்க்க அழகாக இருக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் இதைச் சரியாகச் செய்வதற்குச் சில நிபந்தனைகள் உண்டு.

ஃபேனை அணைச்சிடுங்க. சிரிக்காதீங்க, நான் அரை மணி நேரம் இதில் வீணாக்கியிருக்கிறேன். அடுத்து, முடியில் எண்ணெய் இருக்கக் கூடாது. நம்ம வீட்டில் சீப்பிலிருந்து எடுக்கிற முடியில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் இருக்காது. எண்ணெய் முடி எந்தக் கத்தியிலும் வழுக்கும். சோப்போ சீயக்காயோ போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு எடுங்க. ஈர முடி வேண்டாம். தண்ணீர் குடித்த முடி தடித்தும் மெத்தென்றும் போய்விடும், அதன் குணமே வேறு.

மூன்றாவது, முடியின் எந்த முனையைப் பிடிக்கிறோம் என்பது. முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டின் கூரை மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கின செதில்களால் ஆனது. எல்லாச் செதிலும் வேரிலிருந்து நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். முடியை விரலிடுக்கில் வைத்து இரண்டு திசையிலும் உருவிப் பாருங்க. ஒரு பக்கம் வழுக்கும், இன்னொரு பக்கம் லேசாகத் தடுக்கும். அந்தச் செதில்தான் கத்தியைப் பிடிக்கிறதும் விடுகிறதும். வேர் முனையைப் பிடித்தால் ஒரு விடை, நுனியைப் பிடித்தால் வேறொரு விடை வரும். எதைப் பிடித்தாலும் சரி, ஒவ்வொரு தடவையும் ஒரே முனையைப் பிடியுங்க.

நாலாவது, தூரம். விரலுக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் இருந்தால் முடி விறைப்பாக நிற்கும், சுலபமாக வெட்டுப்படும். மூன்று சென்டிமீட்டர் விட்டால் வளைந்து கொடுத்துத் தப்பித்துவிடும். நான் ஒன்றரை சென்டிமீட்டர் வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவும் சரி செய்த பிறகு கத்தி பல விதமாகப் பதில் சொல்லும். முடி சும்மா வழுக்கிக்கொண்டு போகலாம். வெட்டாமல் நரநரவென்று உரசுவது விரலுக்குத் தெரியலாம். நீளவாக்கில் பிளந்து சுருளலாம். கொஞ்சம் இழுத்தபிறகு 'டிக்' என்று வெட்டலாம். அல்லது, அந்த ஆசிரியர் கத்தியில் எனக்கு நடந்த மாதிரி, பட்டது தெரியாமல் விழலாம். இந்தக் கடைசிப் பதில் வராவிட்டால் கத்தி சரியில்லை என்று அர்த்தமில்லை. பெல்ஜியத்தில் கோட்டிகூல் என்று ஒரு இயற்கைக் கல் கிடைக்கிறது. அதில் முடித்த கத்தி முடியைக் கொஞ்சம் முனகலோடுதான் வெட்டும். ஆனால் முகத்தில் அவ்வளவு சாதுவாகப் போகும். தலைமுடி காய்ந்து, ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டுத் தொங்குகிறது. தாடி முடி தண்ணீரில் ஊறி, வேரில் பிடிபட்டு நிற்கிறது. இரண்டும் வேறு வேறு பரீட்சை.

இதில் எனக்கு மிகவும் உதவின ஒரு சின்ன வேலையைச் சொல்கிறேன். சோதனைக்கு முன்னால் புதுசாகப் பிரித்த ஒரு சாதாரண இரட்டை முனை பிளேடை எடுங்க, சலூனில் பாதியாக உடைத்துப் போடுவார்களே, அதேதான். அதே முடியை முதலில் அதில் இறக்கிப் பாருங்க. புது பிளேடே அந்த முடியை வெட்டவில்லை என்றால் குற்றம் முடியில்தான், கத்தியில் இல்லை. முடியை மாற்றுங்க. வெட்டினால், எந்தத் தூரத்தில் எப்படி வெட்டுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்க. இப்போ உங்களிடம் ஒரு அளவுகோல் இருக்கு. கையில் காசு இருக்கிறவர்கள் கூர்மை அளக்கும் கருவிகூட வாங்குகிறார்கள். ஒரு குறிப்பிட்ட இழையை வெட்ட எத்தனை கிராம் அழுத்தம் வேண்டியிருக்கிறது என்று அது காட்டும். பிளேடு 50 கிராம் அளவில் வரும் என்பார்கள். நான் வாங்கவில்லை. முடி இலவசம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்வோம் இல்லையா? சோற்றுக்கு அது சரி. பானை முழுக்க ஒரே தண்ணீர், ஒரே கொதி. சவரக்கத்திக்கு அது பொருந்தாது. கத்தியின் ஏழு சென்டிமீட்டர் நீளமும் ஒரே மாதிரி கல்லில் பட்டிருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முக்கியமாகப் பழைய கத்திகளில் நுனியும் அடிப்பக்கமும் தேய்மானத்தில் ஏமாற்றும். அதனால் சென்டிமீட்டருக்கு ஒன்று என்று ஏழு முடி. ஏழு இடத்திலும் ஒரே மாதிரி பதில் வந்தால், அந்தப் பதில் சுமாராக இருந்தாலும்கூட, எனக்குத் திருப்தி. ஆறு இடத்தில் சத்தமில்லாமல் வெட்டி, ஒரு இடத்தில் வழுக்கினால் அந்தக் கத்தி திரும்பக் கல்லுக்குப் போகும்.

சரி, அப்படியானால் ஆசிரியர் கத்தியில் என்ன ஆச்சு? அதிலும் ஏழு முடி பார்த்தேன். ஏழும் விழுந்தது.

பிசிறு. அதுதான் விடை. 12000 கல்லில் நான் அளவுக்கு மேல் தள்ளியிருக்கிறேன், கொஞ்சம் அழுத்தமும் கொடுத்திருக்கிறேன். அப்படிச் செய்யும்போது கூரின் உச்சியில் இருக்கிற இரும்பு மிக மெல்லிய தகடாக நீண்டு வெளியே நிற்கும். கீழே அதைத் தாங்க உடம்பு இல்லை. லேத் பட்டறையில் கடைந்த துண்டின் ஓரத்தில் பிசிறு நிற்குமே, அதே சங்கதிதான், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவில். இந்தப் பிசிறு ரொம்ப மெல்லியது என்பதாலேயே ரொம்பக் கூரானது. அதனால்தான் காய்ந்த முடியை அப்படிச் சத்தமில்லாமல் வெட்டியது. தொங்கும் முடி கத்திக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை. ஏழு முடி வெட்டியாச்சு, முடிந்தது. முகத்தில் அப்படியா? ஆயிரக்கணக்கான தாடி முடி, ஒவ்வொன்றும் தலைமுடியைவிடத் தடிமன். இடது கன்னத்தை முடிப்பதற்குள் அந்தப் பிசிறு மடங்கியும் உடைந்தும் போய்விட்டது. அதற்குக் கீழே இருந்தது மழுங்கின, பல் விழுந்த வாய். வலது கன்னத்தைப் பிடுங்கியது அதுதான்.

முடிதானே, இரும்பை என்ன செய்துவிடும் என்று தோன்றும். முடி இரும்பைவிட 50 மடங்கு மெத்தென்றது. ஆனாலும் முடி பிளேடை விள்ளச் செய்கிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செம் டாசன் தலைமையிலான குழு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 2020இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. முடி நேராக நிற்காமல் சாய்ந்து கத்தியில் படும்போது, இரும்பின் உள்கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில், முடியின் ஓரம் படுகிற புள்ளியில் விள்ளல் விழுகிறது என்று கண்டார்கள். ஒழுங்காக நிற்கிற கூருக்கே இந்த கதி என்றால், தாங்க ஆளில்லாத பிசிறுக்கு என்ன ஆகும்?

கூர் எவ்வளவு மெல்லியது என்று மட்டும்தான் அன்றைக்கு என் முடி எனக்குச் சொன்னது. அந்தக் கூர் நிற்குமா என்று நான் கேட்கவே இல்லை.

நிற்குமா என்று கேட்க ஒரு வழி இருக்கு, அதுவும் அதே முடியை வைத்துத்தான். கல்லை முடித்ததும் முடிச் சோதனை செய்து, ஏழு இடத்தின் பதிலையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்க. அப்புறம் கத்தியைத் துணி வாரில் இருபது, தோல் வாரில் அறுபது தடவை, அழுத்தாமல், முதுகை முன்னே விட்டு இழுங்க. மறுபடியும் ஏழு முடி. நல்ல கூர் என்றால் பதில் முன்னைவிட நன்றாகும், இல்லை அப்படியே இருக்கும். பிசிறு என்றால் வாரிலேயே கொஞ்சம் மடங்கி, பதில் இடத்துக்கு இடம் மாறும், மோசமாகும். முன்னைவிட மோசமானால் உடனே சந்தேகப்படுங்க. இன்னொன்று, காது குடைகிற பஞ்சு. முதுகிலிருந்து வாய்ப்பக்கம், வெளியே போகிற திசையில், சரிவின் மேல் லேசாக இழுங்க. நல்ல வாயில் பஞ்சு சுத்தமாக வழிந்து போகும். பிசிறு இருந்தால் அது நிற்கிற பக்கத்தில் மட்டும் இழை மாட்டும். அன்றைக்கு இரண்டையும் நான் செய்யவில்லை. முடி விழுந்த அழகில் மயங்கிவிட்டேன். இரண்டு தோல் வார் இழுப்போடு பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

இதில் ஒரு சங்கடம் இருக்கு. எல்லாவற்றுக்கும் மேலான சோதனை முகம்தான். முழு முகமும், ஒரு கன்னம் இல்லை. என் கத்தி என்றால் நானே சவரம் செய்து பார்த்துவிடுவேன். இன்னொருத்தர் கத்தியில் அதைச் செய்ய மாட்டேன். சவரக்கத்தியைப் பகிர்ந்துகொள்வதால் ஹெபடைடிஸ் பி, சி மாதிரியான நோய்கள் பரவலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன வெட்டு போதும். அதனால் மற்றவர்கள் கத்தியை முடியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதனாலேயே அந்த முடிச் சோதனையை ஒழுங்காகச் செய்யும் கடமை எனக்கு இருந்தது.

உங்கள் சொந்தக் கத்தி என்றால் முகத்தில் எப்படிச் சோதிப்பது? வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் தாடியை ஊறவிடுங்க. முடி ஊறினால் வெட்டத் தேவையான பலம் நன்றாகக் குறையும். ஊறாத தாடியில் எந்தக் கத்தியும் பிடுங்கும், கத்தி மேல் பழி விழும். முடி சாய்ந்திருக்கிற திசையிலேயே முதல் சுற்று. தோலை இழுத்துப் பிடித்து, கத்தியை 30 டிகிரி சாய்த்து வையுங்க. காதைத் தீட்டிக்கொள்ளுங்க. நல்ல கத்தி சின்னதாக, ஒரே சீராக ஒரு சத்தம் கொடுக்கும். முதல் கன்னத்திலும் கடைசிக் கன்னத்திலும் சத்தம் ஒன்றாக இருக்கா என்று கவனியுங்க. அடுத்த தடவை சவரம் செய்யும்போது வலது கன்னத்தில் ஆரம்பியுங்க. புடுங்கல் இடம் மாறினால் தப்பு கத்தியில். அதே இடத்தில் இருந்தால் தப்பு கையில். இந்த ஒரு விஷயத்தை அந்த ஆசிரியருக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் தன்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்.

முடித்த பிறகு படிகாரம். நம்ம சலூன்களில் சவரம் முடிந்ததும் தண்ணீர் தொட்டு ஒரு வெள்ளைக் கட்டியைத் தேய்ப்பார்களே, அதுதான். ரத்தத்தை நிறுத்த என்று நினைக்கிறோம். எனக்கு அது மார்க் போடுகிற வாத்தியார். தோல் சுரண்டப்பட்ட இடத்தில் சுரீர் என்று எரியும், மற்ற இடத்தில் சும்மா இருக்கும். முகம் பூராவும் எரிந்தால் வாய் இன்னும் கரடாக இருக்கு, முடிக்கிற கல்லில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி. ஒரே ஒரு திட்டில் எரிந்தால் அங்கே கோணம் தப்பு.

ஆசிரியர் கத்திக்கு வருகிறேன். திரும்ப வாங்கினேன். 30 மடங்கு லென்ஸில் பக்கவாட்டில் வெளிச்சம் போட்டுப் பார்த்தபோது நடுவிலிருந்து நுனி வரை வாய் எலி கடித்த மாதிரி இருந்தது. கல்லின் ஓரத்தில், எடையே இல்லாமல், ஒரு தடவை வாயைக் குறுக்கே இழுத்து மிச்சப் பிசிறை எடுத்தேன். வேண்டுமென்றே மழுக்குகிறோம், மனசு கேட்காது, ஆனால் வேறு வழியில்லை. பிறகு 8000 கல்லில், கை முடி எல்லா இடத்திலும் வழிகிற வரைக்கும். அதற்கப்புறம் 12000இல், கத்தியின் சொந்த எடையில் மட்டும், முப்பதே இழுப்பு. முடி பார்த்தேன். ஐந்து இடத்தில் 'டிக்', இரண்டு இடத்தில் சத்தமில்லாமல். வாரில் இழுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். ஏழிலும் 'டிக்'கும் இல்லை, இழுப்பும் இல்லை. முதல் தடவை எடுத்த வீடியோ அளவுக்குப் பார்க்க அழகாக இல்லை என்பதையும் சொல்லிவிடணும். பஞ்சு சுத்தமாக வழிந்தது. கொடுத்தனுப்பினேன். வலது கன்னத்தில் ஆரம்பிக்கச் சொன்னேன்.

மறுநாள் போன். "ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி இருக்கு தம்பி. தாடைக்குக் கீழ மட்டும் படிகாரம் எரியுது." "அங்க முடி வேற பக்கமா சாஞ்சிருக்கும் சார், விரலால தடவிப் பாருங்க"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தடவிப் பார்த்திருக்கிறார். "ஆமாப்பா. அப்பா அங்க மட்டும் கத்தியைத் திருப்பிப் புடிப்பாரு. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

கடைசியாக ஒரு நேயர் கேள்வி. போன எபிசோடுக்கு வந்தது: "எனக்குத் தலையில் முடியே கிடையாது, நான் எப்படி இந்தச் சோதனை செய்வது?" வீட்டில் யாருடைய சீப்பிலிருந்தாவது எடுத்துக்கொள்ளுங்க. ஆனால் ஒரே ஆளுடையதாக இருக்கட்டும். ஆளுக்கு ஆள் முடியின் தடிமன் மாறும், கணக்கு குழம்பிவிடும். நான் என் மனைவியிடம் கேட்டு வாங்கி, கழுவி, ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தக் கவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தர் என்ன நினைத்தாரோ, தெரியாது, சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அடுத்த எபிசோடில் தோல் வார்: எது வாங்கலாம், எப்படிப் பராமரிக்கலாம், எல்லோரும் முதல் வாரத்திலேயே அதை ஏன் வெட்டிவிடுகிறார்கள். அதுவரைக்கும், வணக்கம்.